மானிட்டரில் ஸ்பீக்கர் அவசியமா?

மானிட்டர் வாங்கப் போகிறவர்கள் எத்தனை அங்குலம் என்று கேட்ட கையோடு கேட்கும் அடுத்த கேள்வி, "ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கா?" என்பதுதான். என்னைக் கேட்டால் அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. சாப்ட்வேர் இன்ஜினியர் என்ற தகுதியில் இதைச் சொல்லவில்லை. ஏமாந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் அப்பா பயன்படுத்திய பழைய 17 அங்குல மானிட்டர் மங்கிப் போய்விட்டது. புதிது வாங்க தில்லைநகரில் ஒரு கடைக்குப் போனேன். 24 அங்குலத்தில் இரண்டு காட்டினார்கள். ஒன்றில் உயரத்தை ஏற்றி இறக்கும் ஸ்டாண்ட் உண்டு, ஸ்பீக்கர் கிடையாது. இன்னொன்றின் ஸ்டாண்ட் அசையாது. "ஆனா இதுல ஆடியோ இருக்கு சார்" என்றார் விற்பனையாளர். மேஜையில் ஒயர் குறையுமே என்று இரண்டாவதை வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டினேன்.

எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகியதும் படம் பளிச்சென்று வந்தது. சத்தம் வரவில்லை. "நீ இன்ஜினியரிங்தானேடா படிச்சே?" என்று கேட்டார் அப்பா. அட்டைப்பெட்டியில் போட்டிருந்த 'ஆடியோ', பின்பக்கம் இருந்த ஹெட்போன் ஜாக் மட்டுமே! பிரித்த பெட்டியைக் கடையில் திரும்ப வாங்கவும் இல்லை.

இதில் இன்னொரு வேடிக்கை. எச்.டி.எம்.ஐ. கேபிளில் படத்தோடு ஒலியும் போகும். இப்படி ஜாக் உள்ள மானிட்டரைக் கண்டதும் விண்டோஸ் அதையே ஒலிக்கருவியாக எடுத்துக்கொண்டு சத்தத்தை அங்கே அனுப்பிவிடுவது உண்டு. அதுவரை ஒழுங்காகப் பாடிக்கொண்டிருந்த ஸ்பீக்கரும் ஊமையாகிவிடும். புது மானிட்டர் மாட்டியதும் சத்தம் போய்விட்டது என்று யாராவது சொன்னால், மெக்கானிக்கைக் கூப்பிடுவதற்கு முன் டாஸ்க்பாரில் உள்ள ஸ்பீக்கர் படத்தில் ரைட் கிளிக் செய்து சவுண்ட் செட்டிங்ஸுக்குப் போய், ஒலி எந்தக் கருவிக்குப் போகிறது என்று பாருங்கள்.

பழைய வி.ஜி.ஏ. கேபிள் என்றால் கதை வேறு. அதில் படம் மட்டுமே போகும். மானிட்டரில் ஸ்பீக்கர் இருந்தாலும், சி.பி.யு.விலிருந்து தனியாக ஓர் ஆடியோ ஒயர் இழுத்தாக வேண்டும். ஒயர் குறைய வேண்டும் என்ற நோக்கமே அடிபட்டுப் போகிறது. ஐ.பி.எம். நிறுவனம் வி.ஜி.ஏ.வைக் கொண்டுவந்தது 1987-இல். எங்கள் ஊர் ராஜகோபுரம் கும்பாபிஷேகம் கண்டதும் அதே ஆண்டுதான். கோபுரம் இருக்கட்டும், கேபிளை மாற்றிவிடலாம்.

சரி, நிஜமாகவே ஸ்பீக்கர் உள்ள மானிட்டர் என்றால்? பெரும்பாலானவற்றில் 2 வாட் அளவில் இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள் இருக்கும். ஒல்லியான பெட்டிக்குள் காற்று அசைய இடம் இல்லை. போதாக்குறைக்கு அவை கீழ்நோக்கியோ பின்பக்கச் சுவரைப் பார்த்தோ இருக்கும். ஏ.சி. அறையில் தனியாக உட்கார்ந்து கேட்டால் பரவாயில்லை. எங்கள் வீட்டுக் கூடத்தில் மேலே மின்விசிறி, வெளியே பைக் ஹாரன், திருநாள் வந்தால் ஒலிபெருக்கி. வெளிநாட்டில் இருக்கும் அத்தை வீடியோ காலில் பேசும்போது, குரல் கேட்கும், வார்த்தை புரியாது என்ற நிலைமையாகிவிடும். இன்பில்ட் ஸ்பீக்கர் இருந்தால் வீடியோ காலுக்கு எல்லாம் தயார் என்று நினைப்பவர்களும் உண்டு. மைக்கும் கேமராவும் பெரும்பாலான மானிட்டர்களில் இருக்காது.

கடைசியில் யு.எஸ்.பி.யில் மின்சாரம் எடுக்கும் ஒரு ஜோடி ஸ்பீக்கரை 700 ரூபாய்க்கு வாங்கினேன். வாட் கணக்கில் அதுவும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பெட்டி கொஞ்சம் பெரிது, முகம் நம்மைப் பார்த்து இருக்கிறது, முன்னால் திருகுவதற்கு ஒரு குமிழ் இருக்கிறது. எழுபதை நெருங்குகிறவருக்கு அந்தக் குமிழ் பெரிய வசதி. அம்மாவுக்குத்தான் திருப்தி இல்லை. "துடைக்கறதுக்கு இன்னும் ரெண்டு சாமானா?" என்றார். நியாயமான கேள்விதான். மேஜை மிகச் சிறியது, எப்போதாவது செய்தி கேட்டால் போதும் என்பவர்கள் இன்பில்ட் ஸ்பீக்கரை வாங்கிக்கொள்ளட்டும். அதற்காகத் திரையில் விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி.

ஸ்பீக்கரைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் வாங்கிச் சேர்க்கலாம். திரையை அப்படிச் சேர்க்க முடியாது. தமிழ் படிப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 24 அங்குல ஃபுல் எச்.டி. திரையில் அங்குலத்துக்குச் சுமார் 92 புள்ளிகள். அதே ஃபுல் எச்.டி.யை 27 அங்குலத்தில் வாங்கினால் 82 ஆகக் குறைகிறது. பெரிய திரைதானே என்று வாங்கினால் ணை, ஞ, ழு போன்ற எழுத்துகளின் சுழிகள் ஓரம் பிசிறடித்துத் தெரியும். 27 அங்குலம்தான் வேண்டும் என்றால் கியூ.எச்.டி. எடுங்கள், அதில் 109 புள்ளிகள். கடைக்காரர் ஓட்டிக் காட்டும் மீன் தொட்டி வீடியோவை நம்பாமல், ஏதாவது ஒரு தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறக்கச் சொல்லி, வீட்டில் உட்காரும் தூரத்தில் நின்று இரண்டு பத்தி படித்துப் பாருங்கள். ஐ.பி.எஸ். பேனலா என்றும் கேளுங்கள். பக்கவாட்டில் உட்கார்ந்து பார்ப்பவருக்கும் நிறம் மாறாமல் தெரியும்.

அப்பா போடுவது பைஃபோகல் கண்ணாடி. படிக்கும் பகுதி கீழே இருப்பதால், திரை சற்று உயரமாக இருந்தாலும் தாடையைத் தூக்கித்தான் படிக்க வேண்டும். அந்த முதல் மானிட்டராக இருந்தால் ஸ்டாண்டை இரண்டு அங்குலம் இறக்கியிருக்கலாம். இது இறங்காது. கழுத்து வலிக்கிறது என்று, நாற்காலியில் இரண்டு தலையணையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துதான் இப்போது பேப்பர் படிக்கிறார்.