சங்கிலியால் கட்டப்படாத நாவு



அப்போஸ்தலர் நடபடிகள் இரண்டாம் அதிகாரத்தை நாம் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். பலத்த காற்றைக் குறித்தும் அக்கினிமயமான நாவுகளைக் குறித்தும் அதிகமாய்ப் பேசுகிறோம். ஆனால் அன்று எருசலேமில் கூடியிருந்த ஜனங்களைத் திகைக்க வைத்தது வேறொரு காரியம். அவரவர் தாங்கள் பிறந்த தேசத்தின் பாஷையிலே தேவனுடைய மகத்துவங்களைக் கேட்டார்கள். அவர்களில் பலருக்குக் கிரேக்கு தெரிந்திருக்கும். ஆயினும் ஆவியானவர் அவர்களுடைய தாய்மொழியை அற்பமாய் எண்ணவில்லை.

தங்கள் பாஷையினிமித்தம் தலைமுறை தலைமுறையாய்ப் பரிகசிக்கப்பட்ட ஒரு ஜனத்தாரை இம்மாதம் உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். அமெரிக்காவின் தென்கிழக்குக் கரையை ஒட்டி, தென் கரோலினா, ஜார்ஜியா மாநிலங்களின் ஓரமாய், நூற்றுக்கும் அதிகமான சிறு தீவுகள் வரிசையாய் அமைந்திருக்கின்றன. அவற்றைக் 'கடல் தீவுகள்' என்பார்கள். அங்கே வாழ்கிற ஆப்பிரிக்க வம்சாவளியினர் தென் கரோலினாவில் 'கல்லா' என்றும், ஜார்ஜியாவில் 'கீச்சி' என்றும் அழைக்கப்படுகிறார்கள்.

நெல்லினால் வந்த அடிமைத்தனம்

இவர்களுடைய சரித்திரம் நெல்வயலில் தொடங்குகிறது என்றால் நமக்கு வியப்பாயிருக்கும். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் கரோலினாவில் குடியேறிய ஆங்கிலேயர் அங்குள்ள சதுப்பு நிலங்களில் நெல் பயிரிட விரும்பினார்கள். ஆனால் நெல் விவசாயம் அவர்களுக்குப் பழக்கமில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல், காம்பியா முதல் சியரா லியோன் வரையுள்ள கரையோர ஜனங்களோ பல நூற்றாண்டுகளாக அதில் தேறினவர்கள். வரப்பு கட்டவும், மதகு வைத்து நீரைப் பாய்ச்சவும் வடிக்கவும், குத்திப் புடைக்கவும் அறிந்தவர்கள். ஆகவே அடிமை வியாபாரிகள் அந்தக் கரையிலிருந்து ஆட்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தார்கள். சியரா லியோன் ஆற்றின் நடுவிலுள்ள பன்ஸ் தீவின் கோட்டையில் அடைக்கப்பட்டு, அங்கிருந்து கப்பலேற்றப்பட்டு, சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்டவர்கள் அநேகர். வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளில் பத்தில் நான்கு பேர் சார்ல்ஸ்டன் வழியாகவே வந்தார்கள் என்று சரித்திர ஆசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அந்த மனிதருடைய கைத்திறமையே அவர்களுக்குக் கண்ணியாயிற்று. அவர்களுடைய அறிவினால் எஜமானர்கள் ஐசுவரியவான்களானார்கள். அவர்களுக்கோ கூலியும் இல்லை, பெயரும் இல்லை.

அந்தத் தாழ்ந்த நிலங்களில் மலேரியாவும் மஞ்சள் காய்ச்சலும் கொடியதாயிருந்தன. கோடைக்காலம் வந்ததும் வெள்ளை எஜமானர்களில் பலர் குடும்பத்தோடு நகரங்களுக்குச் சென்றுவிடுவார்கள். தீவுகளுக்குப் பாலங்களும் இல்லை. இதனால் பல கோத்திரங்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு ஒன்றாய்த் தள்ளப்பட்ட ஆப்பிரிக்கர்கள் பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே வாழ்ந்தார்கள். மெண்டே, வோலோஃப், கிகொங்கோ முதலான பாஷைகளின் சொற்களும் இலக்கணமும் ஆங்கிலத்தோடு கலந்து ஒரு புதிய பாஷை பிறந்தது. அதுவே கல்லா.

பாஷை மாத்திரமல்ல, கைவேலையும் சமையலும் கடல் கடந்து வந்தன. ஒருவகை வாசனைப் புல்லைச் சுருள் சுருளாய்ச் சுற்றித் தைத்து அவர்கள் கூடை முடைவார்கள். நெல் புடைக்கும் அகன்ற தட்டு அவ்விதமாகவே செய்யப்பட்டது. 2006-ஆம் ஆண்டில் தென் கரோலினா அரசு அதைத் தன் மாநிலக் கைவினையாக அறிவித்தது. நாம் குழம்பிலும் பொரியலிலும் சேர்க்கிற வெண்டைக்காய் ஆப்பிரிக்காவுக்குரியது. அதன் ஆப்பிரிக்கப் பெயர்களில் ஒன்றுதான் 'கம்போ' என்னும் அமெரிக்கக் குழம்பின் பெயராயிற்று. எள்ளைக் குறிக்கும் 'பென்னே' என்ற ஆப்பிரிக்கச் சொல்லும் அந்தக் கரையில் இன்றுவரை வழங்குகிறது.

சிலுவையும் கோபுரமும் இல்லாத துதி வீடு

அடிமைகள் பெருங்கூட்டமாய்க் கூடினால் கலகம் பிறக்கும் என்று எஜமானர்கள் அஞ்சினார்கள். 1739-இல் ஸ்டோனோ என்னும் இடத்தில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபின், 1740-இல் தென் கரோலினாவில் இயற்றப்பட்ட சட்டம் மேளம் கொட்டுவதையும் தடை செய்தது. ஆனாலும் துதியை யார் தடை செய்யமுடியும்? தோட்டங்களில் பலகையினாலான சிறு கட்டடங்கள் எழும்பின. அவற்றுக்கு 'துதி வீடு' என்று பெயர். கோபுரமும் இல்லை, மணியும் இல்லை, சில பெஞ்சுகளே உண்டு. மேளம் இல்லாததால் கைகளைத் தட்டினார்கள்; கோலினால் பலகைத் தரையைத் தட்டினார்கள். வட்டமாய்ச் சுற்றி நடந்து, ஒருவர் பாட மற்றவர்கள் பதில் பாடினார்கள். அப்போது ஒரு கால் மற்றக் காலைக் குறுக்கே கடக்கக்கூடாது; கடந்தால் அது துதியல்ல, உலக நடனம் என்பது அவர்களுடைய ஒழுங்கு. செயின்ட் ஹெலினா தீவில் அப்படிப்பட்ட துதி வீடுகள் சில இன்றும் நிற்கின்றன.

வாலிபர் ஒருவர் சபையில் சேர விரும்பினால், இராக்காலங்களில் தனியிடத்துக்குச் சென்று ஜெபித்துக் காத்திருக்கவேண்டும். இதற்குத் 'தேடுதல்' என்று பெயர். ஞானஸ்நானத்தைக் கடற்கழியில் நீர் வடியும் நேரத்தில் கொடுப்பார்கள். வடிகிற நீர் பாவங்களையும் கடலுக்குக் கொண்டுபோகும் என்பது அதன் கருத்து. அண்டை வீட்டாருக்குள் வழக்கு உண்டானால் முதலாவது துதி வீட்டின் மூப்பர்களிடம் கொண்டுவரவேண்டும். நேரே நீதிமன்றத்துக்குச் செல்வது குற்றமாய் எண்ணப்பட்டது. 1 கொரிந்தியர் 6-ஆம் அதிகாரத்தை நாம் பிரசங்கிக்கிறோம். அவர்கள் அதை ஊர் வழக்கமாகவே கைக்கொண்டார்கள்.

நம் ஞாயிறு பள்ளிகளிலும் வாலிபர் முகாம்களிலும் பாடப்படுகிற 'கும்பயா' பாடலை அறிவீர்கள். ஆண்டவரை 'இவ்விடம் வாரும்' என்று அழைக்கிற சொல்லே அப்படி ஒலித்தது. அதை 1930-களில் ஒரு வெள்ளைச் சுவிசேஷகர் இயற்றினார் என்று நெடுநாள் எண்ணப்பட்டது. ஆனால் ஜார்ஜியாவின் அதே கரையோரத்தில் ஒரு கறுப்பினத்தவர் பாடி 1926-இல் பதிவு செய்யப்பட்ட ஒலிப்பதிவு அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

இருபது போதகர்கள் கேட்ட காரியம்

1861 நவம்பரில் வட மாநிலங்களின் கடற்படை போர்ட் ராயல் துறையைப் பிடித்தபோது, வெள்ளை எஜமானர்கள் தீவுகளை விட்டு ஓடினார்கள். அடிமைகளோ அங்கேயே தங்கினார்கள். அடுத்த ஆண்டே செயின்ட் ஹெலினா தீவில் அவர்களுக்காகப் பென் பள்ளி தொடங்கப்பட்டது. வகுப்புகள் சில காலம் அங்குள்ள செங்கல் பாப்டிஸ்ட் ஆலயத்தில் நடந்தன. 1855-இல் அந்த ஆலயத்தைக் கட்டினவர்கள் அடிமைகள். அதே ஆலயத்தில் அவர்களுடைய பிள்ளைகள் எழுத்துப் படித்தார்கள்.

1865 ஜனவரி 12-ஆம் தேதி சவானா நகரில் தளபதி ஷெர்மன் இருபது கறுப்பினப் போதகர்களையும் சபைத் தலைவர்களையும் வரவழைத்து, உங்கள் ஜனங்களுக்கு என்ன வேண்டும் என்று விசாரித்தார். அவர்கள் சார்பாய்ப் பேசினவர் காரிசன் ஃபிரேசியர் என்னும் 67 வயது பாப்டிஸ்ட் போதகர். 1,000 டாலர் மதிப்புள்ள பொன்னும் வெள்ளியும் கொடுத்துத் தன்னையும் தன் மனைவியையும் மீட்டுக்கொண்டவர் அவர். பணமோ பழிவாங்குதலோ அவர் கேட்கவில்லை. நாங்களே உழுது பயிரிட்டுப் பிழைக்க நிலம் வேண்டும் என்பதே அவருடைய பதிலின் சாரம். நான்கு நாளில் ஷெர்மன் கட்டளை பிறப்பித்தார். கடல் தீவுகளும் கரையோர வயல்களும் விடுதலையானவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. ஆனால் அந்த ஆண்டு முடியுமுன்னே ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் நிலங்களைப் பழைய எஜமானர்களுக்குத் திருப்பிக் கொடுத்தார். செயின்ட் ஹெலினா போன்ற இடங்களில், வரி பாக்கிக்காக ஏலத்துக்கு வந்த நிலத்தைக் காசு சேர்த்து வாங்கிப் பத்திரம் வைத்திருந்தவர்களே பெரும்பாலும் தங்கள் மண்ணில் நிலைத்தார்கள்.

வீடு திரும்பிய பாடல்

லொரென்சோ டவ் டர்னர் என்ற கறுப்பின மொழியியல் அறிஞர் 1930-களில் தீவு தீவாய்ச் சென்று இந்த ஜனங்களின் பேச்சைப் பதிவு செய்தார். இது அரைகுறை ஆங்கிலமல்ல, ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கச் சொற்களையும் பெயர்களையும் காத்துவைத்த பாஷை என்று 1949-இல் வெளியிட்ட நூலில் நிரூபித்தார். ஜார்ஜியாவின் ஹாரிஸ் நெக் என்னும் ஊரில் அமீலியா டாலி என்ற பெண்மணி, தாயிடம் கற்ற ஒரு பாடலை அவருக்குப் பாடிக் காட்டினார். அதன் பொருள் பாடினவருக்கே தெரியாது. அது மெண்டே பாஷை என்பது பிற்பாடு வெளிப்பட்டது.

ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் சென்றபின், ஆராய்ச்சியாளர்கள் அந்த ஒலிப்பதிவைச் சியரா லியோனின் கிராமங்களுக்கு எடுத்துச் சென்றார்கள். செனெஹுன் ந்கோலா என்ற கிராமத்தில் பெண்டு ஜபாத்தி என்ற பெண்மணி அதைக் கேட்டவுடன் கூடச் சேர்ந்து பாடினார். அது கல்லறையருகே பாடப்படும் அடக்கப் பாடல். அவருடைய பாட்டி அதைக் கற்றுக்கொடுத்து, காணாமற்போன உறவினரை இதனால் அடையாளம் காண்பாய் என்று சொல்லியிருந்தாராம். 1997-இல் அமீலியாவின் மகள் மேரி மோரன் தன் குடும்பத்தாரோடு அந்தக் கிராமத்துக்குச் சென்றார். விற்கப்பட்ட ஒரு பெண்ணின் பிள்ளைகள் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வீடு திரும்பினார்கள். அவர்களிடம் பத்திரமும் இல்லை, வம்ச அட்டவணையும் இல்லை. தாய் மகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடல் மாத்திரமே இருந்தது.

ஆனால் ஹாரிஸ் நெக் ஊர் என்னவாயிற்று? 1942-இல் விமானத்தளம் அமைக்க அரசாங்கம் அங்கே 2,600 ஏக்கருக்கும் அதிகமான நிலத்தை எடுத்துக்கொண்டு ஜனங்களை வெளியேற்றியது. யுத்தம் முடிந்தும் நிலம் அவர்களுக்குத் திரும்பவில்லை. 1962-இல் அது பறவைகளுக்கும் விலங்குகளுக்குமான சரணாலயமாயிற்று.

தங்கள் பாஷையில் வேதம்

பள்ளிக்கூடங்களில் கல்லா பேசின பிள்ளைகள் பரிகசிக்கப்பட்டார்கள். அமெரிக்க உச்சநீதிமன்ற நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் 1948-இல் சவானாவுக்கு அருகிலுள்ள பின் பாயின்ட் என்னும் கீச்சி ஊரில் பிறந்தவர். தன் பேச்சைக் குறித்துப் பிறர் கேலி செய்ததால், வகுப்பில் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கவே பழகினதாக அவர் 2000-ஆம் ஆண்டில் மாணவர்களிடம் கூறியிருக்கிறார்.

1979-இல் வேத மொழிபெயர்ப்பு ஊழியர்களான ஒரு தம்பதியினர், தீவின் ஜனங்களையே துணையாகக் கொண்டு புதிய ஏற்பாட்டைக் கல்லாவில் மொழிபெயர்க்கத் தொடங்கினார்கள். 1994-இல் லூக்கா சுவிசேஷமும், 2005-இல் முழுப் புதிய ஏற்பாடும் வெளிவந்தன. இருபத்தாறு ஆண்டு உழைப்பு! பரிகசிக்கப்பட்ட பேச்சு பக்கத்தின் நடுவில் அச்சாயிற்று. ஆங்கில வேதவசனங்கள் ஓரத்தில் வைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு, 2006-இல், வட கரோலினா முதல் புளோரிடா வரையுள்ள இவர்களுடைய கரையோரத்தை அமெரிக்க நாடாளுமன்றம் தேசியப் பாரம்பரியப் பகுதியாக அறிவித்தது.

இன்னும் ஓயாத போராட்டம்

1956-இல் ஹில்டன் ஹெட் தீவுக்குப் பாலம் வந்தது. அதைத் தொடர்ந்து கோல்ஃப் மைதானங்களும் மதில் சூழ்ந்த மாளிகைகளும் வந்தன. நிலவரி உயர்ந்தது. சில குடும்பக் கல்லறைகள் காவல் வாயிலுக்கு உள்ளே சிக்கிக்கொண்டன. சப்பலோ தீவின் ஹாக் ஹம்மக் என்னும் சிற்றூரில் முன்னிலும் பெரிய வீடுகள் கட்ட மாவட்ட நிர்வாகம் 2023-இல் அனுமதித்தபோது, வரி இன்னும் ஏறித் தங்களை வெளியேற்றிவிடும் என்று ஊரார் எதிர்த்தார்கள்.

மதில்களைவிட அதிகமாய் இந்த ஜனங்களைக் கெடுத்தது ஒரு சிறு காரியம். முன்னோர் உயில் எழுதாமல் மரித்தார்கள். நிலம் பிரிக்கப்படாத பொதுச் சொத்தாய்ப் பேரப்பிள்ளைகளுக்கு இறங்கியது. வாரிசுகளில் ஒருவருடைய பங்கை வெளியார் வாங்கிவிட்டால், நீதிமன்றத்தின் மூலமாய் முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவர முடிந்தது. இதைக் கட்டுப்படுத்தும் சட்டத்தைத் தென் கரோலினா 2016-இல் நிறைவேற்றி, கிளெமென்டா பிங்க்னியின் பெயரை அதற்கு இட்டது. அவர் போதகர், மாநில செனட் உறுப்பினருமாவார். 2015 ஜூன் 17-ஆம் தேதி சார்ல்ஸ்டனில் தம் ஆலயத்தின் வேதபாடக் கூட்டத்தில் எட்டுப் பேரோடு சுட்டுக் கொல்லப்பட்டவர்.

பிரியமானவர்களே, ஊரை விட்டு வந்து வேற்று மொழி நகரத்தில் குடியிருக்கிற நாம் இதிலிருந்து மூன்று காரியங்களைச் சிந்திப்போமாக.

முதலாவது, நம்மை ஒருவரும் சங்கிலியால் கட்டிக் கொண்டுவரவில்லை. அவர்கள் பட்ட பாட்டோடு நம் பாட்டை ஒப்பிடவும் கூடாது. அப்படியிருக்க, வேதத்தைத் தாய்மொழியில் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளை நாம் வளர்ப்பதற்கு என்ன காரணம் சொல்லுவோம்? குடும்ப ஜெபத்தில் தினமும் ஒரு அதிகாரம் போதும்.

இரண்டாவது, ஊரிலுள்ள பூர்வீக நிலத்தின் பத்திரமும் பட்டாவும் யார் பெயரில் இருக்கின்றன என்று பாருங்கள். உயில் எழுதுவது அவிசுவாசமல்ல. ஆபிரகாம் மக்பேலா நிலத்தைச் சாட்சிகளுக்கு முன்பாக விலை கொடுத்து உறுதிப்படுத்திக்கொண்டதை ஆதியாகமம் 23-இல் வாசிக்கிறோம்.

மூன்றாவது, நம் சபைகளிலும் வீதிகளிலும் நாம் யாருடைய பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறோம்? கிராமத்துத் தமிழ் பேசுகிற சகோதரியா, நம் வீட்டருகே கட்டட வேலை செய்கிற வேறு மாநிலத்துத் தொழிலாளியா? அந்த நாவுக்கும் கர்த்தர் செவிசாய்க்கிறார் என்பதை மறவாதிருப்போம்.

மண்ணைக் காக்கப் போராடுகிற அந்தத் தீவு ஜனங்களை இம்மாதம் உங்கள் குடும்ப ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். கர்த்தர் தாமே உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.