மானுக்குத் தின்பண்டம் கொடுக்கலாமா?

எளாவூரில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போய், பார்க் நிலையத்தில் வண்டி மாறினால் கிண்டியில் இறங்கலாம். அங்கே பட்டணத்துக்கு நடுவே ஒரு காடு இருக்கிறது. பெரிய காடு அல்ல; மூன்று சதுர கிலோமீட்டர் கூட இராது. ஒரு பக்கம் கவர்னர் மாளிகை. இன்னொரு பக்கம் ஐ.ஐ.டி. சுற்றிலும் ஓயாமல் வண்டிகள் ஓடும் சாலைகள். 1978-ம் ஆண்டில் இதைத் தேசியப் பூங்கா ஆக்கினார்கள்.

இந்தக் காட்டில் வெளிமான்களும் புள்ளிமான்களும் வாழ்கின்றன. வெளிமான் புதரில் ஒளியும் பிராணி அல்ல. அதற்குத் திறந்த புல்வெளி வேண்டும். பகை வருவதைத் தூரத்திலேயே பார்த்து ஓட்டம் பிடிக்கும். நாட்டிலேயே வேகமாக ஓடும் மான் இதுதான்.

"கிட்டே வரவில்லையே!"

காட்டை ஒட்டிச் சிறுவர் பூங்கா உள்ளது. 2024-ல் அதைப் புதுப்பித்துத் திறந்தார்கள். குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வருகிறார்கள். அங்கே வேலிக்குள்ளும் மான்களைப் பார்க்கலாம். காசு கொடுத்து வந்தவருக்கு மான் கிட்டே வரவில்லையே என்று குறை. உடனே பையிலிருந்து ஒரு பொட்டலம் வெளியே வரும். "ஒரு பிஸ்கட்டில் என்ன வந்துவிடும்?" என்பார்கள்.

வந்துவிடும்! பிஸ்கட்டோடு உறையும் போகிறது. மான், மாட்டைப் போல் அசை போடும் பிராணி. பிளாஸ்டிக் அதன் வயிற்றில் செரிக்காது; வெளியேயும் வராது. அங்கேயே உருண்டு திரண்டு இடத்தை அடைத்துக்கொள்ளும். வயிறு நிரம்பியதுபோல் இருக்கும், உடம்போ மெலியும்.

நம் வட்டாரச் சங்கதியையே பாருங்கள். 2019-ல் திருமுல்லைவாயில் பசு ஒன்றுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் ஆபரேஷன் செய்தார்கள். வயிற்றிலிருந்து எடுத்த பிளாஸ்டிக் எவ்வளவு தெரியுமா? 52 கிலோ!

பசுவுக்கு ஒரு சொந்தக்காரர் இருந்தார். அது படும் வேதனை அவருக்குத் தெரிந்தது. காட்டு மானுக்கு யார் இருக்கிறார்கள்? பிடித்துக் கட்டினால் அந்தப் பயத்திலேயே செத்துப்போகும் ஜாதி அது.

வாசலிலேயே நிறுத்துங்கள்

"உணவு கொடுக்காதீர்" என்று பலகை வைத்தால் மட்டும் போதாது என்பது என் கருத்து. எழுத்துக் கூட்டிப் படிப்பவர் அதைப் படித்து முடிப்பதற்குள் பிள்ளை பொட்டலத்தை நீட்டிவிடும்! தின்பண்டத்தை வாசலிலேயே வாங்கி வைத்து, திரும்பும்போது கொடுத்துவிட வேண்டும். கொஞ்சம் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

பெற்றோர் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பிள்ளைக்குப் பசியாற்றிவிட்டு உள்ளே அழைத்துப் போங்கள். கையில் தீனி இல்லாவிட்டால் கண் வேலை செய்யும். முறுக்கிய கொம்பும் கறுத்த முதுகுமாக நிற்பது ஆண் வெளிமான். பழுப்பு நிறத்தில், கொம்பில்லாமல் இருப்பது பெண். ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள்.