புதியவருக்கு எந்தப் பங்கு?

பிரெஞ்சு ஆட்சி புதுவையில் விட்டுச்சென்ற ஆட்டங்களுள் பெத்தாங்க் இன்றும் உயிரோடு இருக்கின்றது. மூவர் அணியில் ஒருவர் தம் உலோகக் குண்டினைச் சிறு மரக்குண்டின் அருகே நிறுத்துவார். ஒருவர் எதிரணியின் குண்டினை அடித்து அகற்றுவார். இடைநிற்பவர் இரண்டும் செய்வார். புதிதாக வந்தவருக்குப் பெரும்பாலும் நிறுத்தும் பங்கினையே அளிப்பர். அடிப்பது அரிது, நிறுத்துவது எளிது என்பது எண்ணம். முதற்குண்டு தவறினால் அணி முழுதும் தடுமாறும் என்பதோ ஆடிப் பழகியோருக்கே தெரியும்.

இதே எண்ணம் நம் மாணவர் விரும்பியாடும் இணையவழி அணி ஆட்டங்களிலும் புகுந்துள்ளது. 2013-இல் முறையாக வெளிவந்த 'டோட்டா 2' ஐவரோடு ஐவர் பொருதி, எதிரணியின் அரணைத் தகர்க்கும் ஆட்டம். 120-க்கும் மேற்பட்ட பாத்திரங்களுள் ஒன்றினை ஒவ்வொருவரும் தேர்ந்துகொள்ள வேண்டும். பொருள் சேர்த்து வலுப்பெற்றுப் பிற்பகுதியில் வெற்றி ஈட்டுபவரைக் 'கேரி' என்பர். அவரைக் காத்து, களத்தில் காவற்கண்களை நட்டு, புகழின்றி உழைப்பவர் 'சப்போர்ட்'. யாரும் விரும்பாத இப்பங்கினைப் புதியவர் தலையில் கட்டிவிடுகின்றனர். களத்தின் வழிகளையே அறியாத ஒருவர் காவற்கண்ணை எங்கே நடுவார்? அணி தோற்றதும் வசைமொழி அவர்மீது பாய்கின்றது. நல்ல மாணவர் சிலர் நான்கே ஆட்டங்களில் ஒதுங்கிவிடுவதன் காரணம் இதுவே எனக் கருதுகின்றேன்.

பாத்திரம் எளிதாதல் வேறு. பங்கு எளிதாதல் வேறு. இவ்வேறுபாட்டை மூத்த ஆட்டக்காரரே மறந்துவிடுகின்றனர். 'ரெய்த் கிங்' கேரியாக நிற்கும் பாத்திரம். எனினும் கையாள வேண்டிய திறன்கள் மிகச் சில. வீழ்ந்தபின் அவ்விடத்திலேயே மீண்டெழும் ஆற்றலும் உண்டாதலால் புதியவரின் பிழையை அது பொறுக்கும். சப்போர்ட்டாகத்தான் நிற்க வேண்டுமெனில் 'ஓகர் மேகி' தகும். உடல்வலிமை மிகுந்தது, எளிதில் வீழாது. 'கிரிஸ்டல் மெய்டன்' மெலிந்தவள், நடையும் மெல்ல. ஆயினும் அவள் களத்தில் இருப்பதே தோழர்தம் மந்திர ஆற்றலைப் பெருக்கும். பத்து மந்திரங்களை மூன்று கோளங்களால் கூட்டியமைக்கும் 'இன்வோக்கர்' பக்கம் முதல் ஆண்டில் தலைவைத்தும் படுக்க வேண்டா!

பின்நின்று காப்பதை இழிவென எண்ணுவது நம் மரபும் அன்று. படையின் முன்னணிக்குத் தார் என்றும் பின்னணிக்குக் கூழை என்றும் பெயரிட்டனர் நம் முன்னோர். உடைந்த படையினுள் புகுந்து கூழை தாங்கும் தனிவீரனைத் தொல்காப்பியம் தும்பைத்திணையின் ஒரு துறையாகவே வைத்துப் போற்றிற்று. அப்பணி முதிர்ந்த வீரனுக்குரியது. நேற்று வாள் எடுத்தவனுக்கு அன்று.

இவையெல்லாம் சூதாட்டந்தானே என வினவும் பெரியோர்க்கு ஒரு சொல்: 2025-ஆம் ஆண்டின் இணைய விளையாட்டுச் சட்டம் பணம் வைத்தாடும் ஆட்டங்களைத் தடைசெய்து, மின்விளையாட்டினைத் தனியே பிரித்து ஏற்றுள்ளது. 2022-இல் பர்மிங்காமில் நடைபெற்ற காமன்வெல்த் மின்விளையாட்டுப் போட்டியில் இந்திய அணி வெண்கலம் வென்றதும் இந்த 'டோட்டா 2'-இல்தான்.

ஆகவே மூத்த மாணவர்களிடம் என் வேண்டுகோள் இது: அடுத்தமுறை அறைத்தோழன் ஒருவன் புதிதாக வந்து அமர்ந்தால், 'ரெய்த் கிங்'கை அவனிடம் கொடுங்கள். காவற்கண்களை நடும் பணியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.