பார்த்து வரைந்தால் என்ன?

"இதைப் பார்த்துத்தானே வரைந்தீர்கள்?" என்று கேட்பவர்களிடம், "ஆமாம், பார்த்துத்தான்" என்று தயங்காமல் சொல்கிறேன். அறுபதைத் தாண்டி எண்ணெய் வண்ணம் கற்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை என்பது என் கட்சி. அதுவும் பூஜாடி, மாம்பழம் என்று சுலபமானதை அல்ல, பல ஆட்கள் நிற்கும் பெரிய சரித்திரக் காட்சியையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நான் எடுத்தது ஜாக் லூயி தாவீத் 1784-ல் வரைந்த 'ஹொரேஷியர்களின் சபதம்'. அசல் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உயரம் சுமார் 3.3 மீட்டர், அகலம் 4.25 மீட்டர். என் கேன்வாஸ் இரண்டடி உயரம்தான்.

ரோமுக்கும் பக்கத்து ஆல்பா லோங்காவுக்கும் பகை. படைகளுக்குப் பதிலாக இரு தரப்பிலும் மூன்று மூன்று சகோதரர்கள் மோதித் தீர்ப்பது என்று முடிவாகிறது. தந்தை மூன்று வாள்களை உயர்த்திப் பிடிக்க, மகன்கள் கை நீட்டிச் சபதம் செய்கிறார்கள். வலது ஓரத்தில் பெண்கள் துவண்டு கிடக்கிறார்கள். மகள் கமிலாவுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை எதிரணியில். மருமகள் சபீனாவோ எதிரணிச் சகோதரர்களின் உடன்பிறந்தவள். எந்தப் பக்கம் ஜெயித்தாலும் இந்த வீட்டில் அழுகைதான்.

சும்மா பார்த்தபோது எனக்கு வாள்தான் தெரிந்தது. கட்டம் போட்டு வரைந்தபோதுதான் மற்றது தெரிந்தது. ஆண்களின் கைகால் எல்லாம் நேர்கோடு, பெண்களின் தோளும் கழுத்தும் வளைவு. தரைக்கோடுகளை நீட்டினால் வாள் பிடித்த தந்தையின் கையருகே போய்ச் சேர்கின்றன. ஒருவரை அரை அங்குலம் நகர்த்தினால் மற்றவர்களும் நகர வேண்டும், கூட்டுக் குடும்பம் மாதிரி. தனி முகம் வரைந்தால் இந்தப் பாடம் கிடைக்காது.

எண்ணெய் வண்ணமும் நம் வயதுக்கு ஏற்றது. ஆளி விதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு மெதுவாகத்தான் இறுகும். பிடிக்காததைத் துடைத்துவிட்டு மறுநாள் வரையலாம். அடிப்பூச்சில் டர்பன்டைன் கலந்து மெல்லிசாக, மேலே போகப் போக எண்ணெய் அதிகமாக. இந்த வரிசை மாறினால் பின்னாளில் வெடிப்பு விடும். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தெகாவும் மானேயும் லூவ்ரில் பிரதியெடுத்துப் பழகியவர்கள்தான். இன்றும் அனுமதி பெற்று அங்கே வரையலாம், பிரதி மட்டும் அசலின் அளவில் இருக்கக் கூடாது. நம் பக்கத்தில், 1868-ல் திருவனந்தபுரம் வந்த தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் கற்றுத்தர மறுத்தபோது, அவர் வரைவதைப் பார்த்தே தேறினார் ரவிவர்மா.

எங்கள் பகுதியில் முதியோருக்காக நடந்த ஒரு கண்காட்சியில், 'சொந்தக் கற்பனை மட்டும்' என்று நிபந்தனை. நாலு பேர் பெயர் கொடுக்காமலே ஒதுங்கினார்கள். அதில் ஒருவர் அப்புறம் தூரிகையையே தொடவில்லை. அசல் ஓவியர் பெயரை மேலே எழுதி, 'பார்த்து வரைந்தது' என்று நம் பெயரைக் கீழே எழுதினால் யாரை ஏமாற்றுகிறோம்? பாட்டுப் படிக்கிறவர் தியாகராஜர் கீர்த்தனை பாடினால், "சொந்தமாக இயற்றிப் பாடு" என்றா சொல்கிறோம்?

கற்பனை வரும்போது வரட்டும், அதுவரை கை சும்மா இருக்க வேண்டாமே! நல்ல அச்சுப்படம் ஒன்று, ஒரு ஸ்கேல், ஒரு பென்சில் போதும். முதல் கட்டத்தைப் போடுங்கள்.