இன்ஜின் இருக்கு, ஓட்டினவர் எங்கே?

ஐ.வி. போறப்போ நீங்க பார்த்த மெஷின் மியூசியத்தை ஞாபகப்படுத்திப் பாருங்க. புது பெயின்ட் அடிச்ச இன்ஜின், பக்கத்துல ஒரு போர்டு. அதில் குதிரைத்திறன், தயாரித்த வருடம். ஓட்டினது யாருன்னு இருக்காது.

இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் குவாரி பேங்க் என்ற பஞ்சாலை இருக்கிறது. 1784-இல் தொடங்கியது, இப்போது அருங்காட்சியகம். அங்கே தறியை ஓட்டியே காட்டுகிறார்கள். வேலைக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தைகள் தங்கிய வீட்டையும் பார்க்கலாம். லங்காஷயர் தறிக்கூடங்களில் இரைச்சல் அவ்வளவு! தொழிலாளர்கள் உதட்டசைவைப் பார்த்துத்தான் பேசிக்கிட்டாங்க. அதுக்கு 'மீ-மாயிங்'னு பேரே உண்டு. பலருக்குக் காதே போயிடுச்சு. இதையெல்லாம் எந்த ஸ்பெக் போர்டு சொல்லும்?

நம்ம ஊர்லயும் பழைய ஆபரேட்டர்களைப் பேசவிட்டு, பதிவு பண்ணி, அந்த மெஷின் பக்கத்திலேயே ஒலிக்க விடணும். பெயின்ட் அப்புறம் அடிச்சுக்கலாம். அவங்களுக்கு வயசாகிட்டே போகுது.