மரத்தளத்தின் மீது ஓடு

அமெரிக்காவிலும் கனடாவிலும் பெரும்பாலான வீடுகள் மரச்சட்டங்களால் எழுப்பப்படுவனவாதலால், அங்கே குளியலறையின் தரையும் உத்தரங்களின் மேல் அறையப்பட்ட ஒட்டுப்பலகையாகவே இருப்பது சகஜம். அப்பலகையின் மீது நேராகச் சாந்து பூசி ஓடு பதித்துவிடும் அவசரத்தை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். ஈரத்தில் பருத்து உலர்ச்சியில் சுருங்குவது மரத்தின் சுபாவம். சிறிதும் வளைந்துகொடாமை ஓட்டின் சுபாவம். இவ்விரண்டையும் இடையே ஒரு சமாதானமின்றிப் பிணைத்தால் ஓடுகளின் இடைச்சாந்து வெடித்து, வெடிப்பின் வழியே நீர் இறங்கி, கண்ணுக்குத் தெரியாமலே பலகை உளுத்துப்போகும்.

ஆகவே, பழைய தரையைப் பெயர்த்ததும், மக்கிய பாகங்களைத் தயவு தாட்சண்யமின்றி வெட்டியெறிந்துவிட்டு, உத்தரங்களின் பலத்தைக் கணக்கிட வேண்டும். குதிகாலால் மிதித்துப் பார்ப்பது கணக்காகாது. பாரம் ஏறுகையில் தரை, உத்தரத்தின் நீளத்தில் 360-இல் ஒரு பங்குக்கு மேல் தொய்யலாகாது என்பது பீங்கான் ஓட்டுக்கு அங்கே வழங்கும் விதி. பத்தடி உத்தரத்துக்கு அது மூன்றிலொரு அங்குலந்தான். பளிங்கு முதலிய கற்களுக்கோ அதிலும் பாதியே அனுமதி.

பிறகு, மரத்துக்கும் ஓட்டுக்கும் இடையே அந்தச் சமாதானமாக, சிமெண்டுப் பலகை. அதன் அடியில் சாந்து பரப்புவது ஒட்டுவதற்காக அன்று, பொள்ளல்களை நிரப்புவதற்காக என்பதை உணராதவர்களே அதை வீண்செலவென்று விட்டுவிடுகிறார்கள். எட்டு அங்குலத்துக்கொரு திருகாணியும், மூட்டுகளில் அரைக்கால் அங்குல இடைவெளியும், அவற்றின் மேல் காரத்தைத் தாங்கும் கண்ணாடியிழை நாடாவும் அவசியம். இப்பலகை நீரால் கெடாதேயன்றி நீரைத் தடுக்காது. ஆதலின் ஓட்டுக்கு முன்னே நீர்த்தடுப்புப் பூச்சொன்றைத் தரை முழுவதும், சுவரோரம் சற்று மேலேறும்படி, பூசியாக வேண்டும்.