கேப் என்றால் என்ன?

"காலம்பற ஆறு மணிக்குக் கேப்பிலே இருக்கணும் மக்ளே, சூரிய உதயம் பாக்க வேண்டாமா?" என்றாள் நாகர்கோவில் அத்தை. கோடை லீவுக்குச் சென்னையிலிருந்து போயிருந்த என் தங்கை கெட்டிக்காரி. சரியாக ஆறு மணிக்கு வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது!

அவளுக்குக் 'கேப்' என்றால் வாடகைக் கார், அத்தைக்கோ கன்னியாகுமரி. ஐந்து மணிக்கே குளித்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாளாம், தூங்குகிற பிள்ளையை எழுப்ப மனசில்லாமல். இருபது கிலோமீட்டர் ஓடிக் கடற்கரை சேர்ந்தால், சூரியன் ஒரு பனை உயரத்தில்!

அத்தை பேரில் தப்பில்லை. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனைக்கு ஆங்கிலத்தில் கேப் என்று பெயர். நம் குமரி, ஐரோப்பியர் வாயில் 'கொமரின்' ஆகி, 'கேப் கொமரின்' என்று ஏட்டில் ஏறினாள். ஊரார் அதில் முன்பாதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நாகர்கோவிலில் இன்றும் கேப் ரோடு உண்டு. இதே எழுத்தும் உச்சரிப்பும் கொண்ட இன்னொரு ஆங்கிலச் சொல்லுக்குத் தோளில் தொங்கும் மேலங்கி என்று அர்த்தம்.

தமிழில் எழுதினால் வம்பு இன்னும் அதிகம். இடைவெளியும் 'கேப்' ஆகிவிடுகிறது. அதுவும் இந்த ஜில்லாவிலேயே இருக்கிறது: மலை இடைவெளி வழியே காற்று சீறி வரும் ஆரல்வாய்மொழிக் கணவாய்!

அன்று சாயங்காலமே தங்கைக்குக் கன்னியாகுமரியில் ரயில். டிக்கெட்டில் ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் குறியீடு அச்சாகியிருந்தது: சி, ஏ, பி, இ.

"இதை நேற்றே பார்த்திருக்கக் கூடாதா, மக்ளே?" என்றாள் அத்தை.